தாட்சாயினி சொன்ன ராணி

"மண்டபம் பிடிச்சாச்சு, பொன்னுருக்கியாச்சு. மூத்தவன் மாட்டனெண்டால் என்ன, இளையவன் இருக்கிறானெல்லோ?" என்றார் லண்டன் மாமி.

பாரிசின் லா சப்பல் பகுதி நகைக்கடையொன்றின் கண்ணாடி மேசையில் தாலி இருந்தது.

ஐங்கரனுக்கும் எனக்குமென்று போன மாதம் இதே கடையில் பொன் உருக்கிச் செய்த தாலி. போன கிழமை ஐங்கரன் தனக்கு வேறொருத்தி இருப்பதாகச் சொல்லிவிட்டான். இன்று காலை ரயிலில் அவனுடைய அம்மாவான இந்த மாமி வந்து இறங்கியிருக்கிறார், அவனுடைய தம்பி கரிகாலனை எனக்குப் பேச.

"உருக்கின பொன்னைத் திரும்ப உருக்கினால் குடும்பத்துக்கு ஆகாது, பிள்ளை. தாலி அதேதானே. கட்டுற கைதானே மாறுது."

பெரியவர்களை மறுத்துப் பேச எனக்கு வராது. அம்மாவைப் பார்த்தேன். அம்மா தாலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் என் தங்கை தாட்சாயினி பிரெஞ்சில் பொரிந்து தள்ளினாள். பன்னிரண்டு வயது. பேசத் தொடங்கினால் மூச்சுவிட மாட்டாள்.

"என்னவாம் இவளுக்கு?" என்றார் மாமி. அவருக்குப் பிரெஞ்சு தெரியாது.

நான் தமிழில் சொன்னேன்.

"பள்ளிக்கூடத்தில படிச்ச ஒரு ராணியாம், மாமி. இசபெல். இஞ்சை பாரிசில பிறந்தவள். ஆறு வயசில உங்கட இங்கிலாந்து ராஜாவுக்குக் கட்டிக்குடுத்தவையாம்."

"அந்தக் காலம் அப்பிடித்தான்."

தாட்சாயினி என் கையை இழுத்து இன்னும் ஏதோ சொன்னாள்.

"அவளுக்குப் பத்து வயசில ராஜா செத்துப்போனான். அவன்ரை சிம்மாசனத்தைப் பறிச்சவன் தன்ரை மகனைக் கட்டச் சொன்னானாம். இவள் மாட்டன் எண்டிட்டாள். கறுப்பு உடுத்துக்கொண்டு இருந்தாளாம்."

கடைக்கார அண்ணை தராசைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டார்.

"பிறகு?" என்று கேட்டார் மாமி.

"பாரிசுக்கே திருப்பி அனுப்பிப்போட்டினம். சீதனத்தைத் திருப்பிக் குடுக்கேல்லை."

மாமி கதிரையில் கொஞ்சம் அசைந்தார். "கடைசியா ஆரைத்தான் கட்டினவள்?"

"அஞ்சு வயசு இளைய பெடியனை. சித்தப்பாவின்ரை மகனை."

"சீ! தம்பியையோ?"

ஆறு வயதுக் கல்யாணத்துக்கு வராத கோபம் இதற்கு வந்தது. மாமியின் கை நெஞ்சுக்குப் போனது.

"ஓம் மாமி. அழுதழுதுதான் கட்டினவளாம். பத்தொன்பது வயசில பிள்ளையைப் பெத்துப்போட்டுச் செத்துப்போனாள்."

நான் நிறுத்தவில்லை.

"நானும் கரிகாலனை ஒரு வருசமாத் தம்பியெண்டுதான் கூப்பிடுறன். என்னாலை ஏலாது."

என் குரல் கடை முழுக்கக் கேட்டது. மோதிரம் பார்த்துக்கொண்டிருந்த இருவர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தது.

மாமி என்னை விட்டுவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"உங்கட சின்னவள் உந்த ராணிக் கதையெல்லாம் சொன்னவளோ?"

உண்மையில் தாட்சாயினி சொன்னது இவ்வளவுதான்: புதுச் சப்பாத்து காலைக் கடிக்கிறது, பசிக்கிறது, இந்த மாமி எப்போது போவார்.

அம்மா என் வயதளவு காலமாகப் பிரெஞ்சுக்காரர் வீடுகளில் பிள்ளை பார்க்கிறவர். பிரெஞ்சில் தாலாட்டியும் ஏசியும் எத்தனையோ பிள்ளைகளை வளர்த்துவிட்டவர்.

அவர் தாலிப் பெட்டியை மூடி, மாமியின் பக்கம் தள்ளினார்.

"ஓம் அக்கா," என்றார். "சொல்லுக்குச் சொல் அப்பிடியேதான் சொன்னவள்."