இரண்டாவது வாளி

"எரியுறவன் மேல இன்னொரு வாளித் தண்ணி ஊத்த விடாதவனுக்கு இங்க சாப்பாடு ஒரு கேடா?"

அப்பா கூடத்திலிருந்து கத்தினார். அவள் தம்பி தீயில் போனதிலிருந்து தினமும் இதே பாட்டுதான்.

அவள் கணவன் தலை நிமிராமல் சாப்பிட்டான். தட்டை அவன் முன்னால் ணங்கென்று வைத்ததோடு அவள் வேலை முடிந்தது. அவன் முகத்தைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

மூன்று பேருக்கும் ஒரே தொழிற்சாலை. கணவனுக்கும் தம்பிக்கும் உலையில் வேலை, அப்பாவுக்கு வாசலில் காவல். உலையில் மெக்னீசியத்தை ஆவியாக்கி, நுண்துளைகள் நிறைந்த கட்டிக்குள் புகவிடுவார்கள். இரண்டும் கலந்து, இரும்பையே கீறும் பீங்கான் தகடாகிவிடும். மிஞ்சிய ஆவி உலை மூடியில் வெள்ளிப் பொடியாகப் படியும்.

அந்தப் பொடியைத் தம்பி சுரண்டும்போதுதான் தீப்பிடித்தது.

அலறல் கேட்டு அப்பா வாளியோடு ஓடினார். ஊற்றினார். தீ இன்னும் எகிறியது. தண்ணீர் போதவில்லை என்று மறுபடி கொண்டுவந்தார். அந்த வாளியைத்தான் மருமகன் எட்டி உதைத்தான். பார்க்காதவர்கள் இல்லை.

"ஏங்க அப்படிப் பண்ணீங்க?" என்று அவள் கேட்காத நாளில்லை.

"பதற்றத்துல கால் பட்டுடுச்சு" என்பான். அதற்கு மேல் வாயைத் திறக்கமாட்டான். கல்நெஞ்சன்!

அழைப்பு மணி அடித்தது. தம்பியோடு வேலை பார்த்தவன், சோடாபுட்டி என்று எல்லோரும் கூப்பிடுகிறவன், தம்பியின் சட்டையையும் செருப்பையும் கொண்டுவந்திருந்தான். உள்ளிருந்து வந்த சத்தம் அவன் காதிலும் விழுந்தது.

"அண்ணனைத் திட்டாதீங்கக்கா" என்றான் மெல்ல. "அந்தப் பொடி எரியும்போது தண்ணியே காட்டக் கூடாது. வெடிக்கும். காய்ஞ்ச மணலைத்தான் போட்டு மூடணும். உலைக்குள்ள வேலை செய்யுற எல்லாருக்கும் முதல் பாடமே அதுதான். அண்ணன் மட்டும் உதைக்கலேன்னா, அங்க நின்ன நாங்க யாருமே இன்னைக்கு இல்ல."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பாவி மனுஷன்! இதை எங்க அப்பாகிட்ட சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? ஏன் இப்படி வாங்கிக் கட்டிக்கணும்?"

சோடாபுட்டி தரையைப் பார்த்தான்.

"முதல் வாளி விழுற வரைக்கும் உங்க தம்பி கையில மட்டும்தான்கா தீ இருந்துச்சு."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"பெரியவர் காதுக்கு இது போகவே கூடாதுன்னு அண்ணன் எங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் கையெடுத்துக் கும்பிட்டார்."

அவள் உள்ளே வந்தபோது அப்பா மார்பில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். "இன்னும் ஒரே ஒரு வாளி! அதை மட்டும் ஊத்தியிருந்தா என் பிள்ளை பிழைச்சிருப்பான். நீயே சொல்லும்மா!"

அவள் முகத்தைப் பார்த்ததுமே கணவனுக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினான்.

"ஆமாப்பா. இவர்தான் கெடுத்துட்டார்" என்றாள் அவள், கணவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தட்டில் பரிமாறியபடியே.