புனல் வேண்டாம்

ஒரு மணி நேரம்தான் இருந்தது. பன்னிரண்டு மணிக்கு ஹோட்டல்காரர் வந்து கிராமபோனைத் தன் வரவேற்பறைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அதற்குள் அவள் முடிவு சொல்ல வேண்டும்.

"அவர் திறந்துகூடப் பாக்க மாட்டார். பளபளன்னு இருந்தாப் போதும் அவருக்கு," என்றார் பழம்பொருள் கடைக்காரர். "நீ என்னடான்னா ஆபரேஷனே பண்ற, தங்கச்சி."

அவள் சிரித்தாள். மேல்பலகையைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

ஸ்பிரிங்கில் பழைய கிரீஸ் இறுகியிருந்தது. உடைசல் இல்லை. பலகையை மறுபடி பொருத்தி, சாவி கொடுத்து, சுழலும் தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகி, கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சுற்றுகளை எண்ணினாள். நிமிடத்துக்கு எழுபத்தெட்டு, பழைய இசைத்தட்டுக்குச் சரியான வேகம். நம்பாமல் மறுபடி எண்ணினாள். அதேதான்.

பெட்டியின் உள்விளிம்பை நகத்தால் சுரண்டினாள். ஒட்டுப்பலகை இல்லை. முழுத் தேக்கு.

கடைக்காரர் அலமாரிப் பக்கம் திரும்பி இசைத்தட்டு தேடிக்கொண்டே விலை சொன்னார். பதில் இல்லை. கொஞ்சம் குறைத்தார். அதற்கும் இல்லை. பார்த்தால் பூனை மாதிரி இருக்கிறாள், பேரத்தில் என்ன அழுத்தம் என்று நினைத்தவர், இன்னும் இறங்கி, எதிரே வந்து சொன்னார்.

"சரி," என்றாள் உடனே. "ஆனா பாடவிட்டுப் பாத்துட்டுத்தான்."

இரண்டு விலைக்கும் அசையாதவள் இதற்கு உடனே சரி என்றது அவருக்கு எங்கேயோ இடித்தது.

"புனல் இதோடது இல்ல. புதுப் பித்தளை," என்றாள், மேலே பூப்போல விரிந்திருந்த ஒலிக்குழாயைக் காட்டி.

"அவ்வளவு புதுசு இல்லம்மா. போன மாசம் போட்டது." பிடிபட்டதில் அவருக்கே சிரிப்பு வந்தது.

"எனக்குப் புனல் வேண்டாம். ஹோட்டல்காரருக்கே கொடுத்துடுங்க."

"புனல் இல்லாமயா? கொசு பாடற மாதிரி இருக்கும்."

அவள் ஊசிக்கையைத் தாங்கும் இரும்பை அழுத்திப் பார்த்தாள். அடியில் மெத்தென்று இருந்தது.

"நான்தான் ரப்பர் வச்சேன். அதிர்வு மரத்துக்கு இறங்காது."

"எடுத்துடுங்க, அண்ணா."

"எடுத்தா பெட்டியே அதிரும்மா!"

"அதிரட்டும்."

முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார். புனலையும் கழற்றினார். வெளியே வண்டி ஒன்று வந்து நின்று இரண்டு முறை ஹாரன் அடித்தது. அவள் திரும்பவில்லை. திருகாணியை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

சாவி கொடுத்து, ஊசியை இறக்கினார். பாட்டு மெலிசாக, எங்கோ பக்கத்து வீட்டில் ஓடுவதுபோல வந்தது.

அவள் முழங்காலிட்டாள். பெட்டியின் விளிம்பில் வாயை வைத்து மரத்தைக் கடித்தாள்.

"ஏய், ஏய்! நூறு வருஷத்து மரம்மா அது!"

அவள் கண்களை மூடியிருந்தாள்.

ஹோட்டல்காரர் உள்ளே வந்து, இருவரையும் மாறி மாறிப் பார்த்து, வாசலோரமாகவே நின்றார். ஊசி தட்டின் கடைசிக்கு ஓடி, வெறுமனே சுற்ற ஆரம்பித்தது. அதற்குப் பிறகுதான் அவள் வாயை எடுத்தாள். வார்னிஷில் பல் தடம். துப்பட்டா நுனியால் துடைத்தாள்.

"என்னம்மா பண்ற நீ?"

கடைக்காரரின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தவள், எழுந்து நின்றாள்.

"பெட்டி எனக்குத்தான்," என்றாள். "எனக்குப் பிறவியிலேயே காது கேக்காது, அண்ணா. பாட்டு பல்லு, எலும்பு வழியா வரணும். வந்துச்சு."