கவிழ்த்துப் பார்த்தல்

பாயசத் தம்ளரை ஞானதிரவியம் வேண்டுமென்று கவிழ்க்கவில்லை. பழக்கதோஷம். முனைவர் பட்டத்துக்காக ஆறு வருஷமாக, ஆய்வுக்கூடம் போனதும் கண்ணாடிக் குப்பியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பான். அவன் செய்த மூலக்கூறுகள் தாமாகவே ஒன்றோடொன்று சேர்ந்து வலை பின்னியிருந்தால், உள்ளேயிருப்பது ஜெல்லாக உறைந்து விழாமல் நிற்கும். ஒருநாளும் நின்றதில்லை. பெயரிலேயே திரவத்தை வைத்துக்கொண்டவனுக்கு எது உறையும்?

பாயசமும் நிற்கவில்லை. பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த வழிகாட்டிப் பேராசிரியரின் பட்டு வேட்டியில் இறங்கியது. அவர் மகளுக்கு அன்று நிச்சயதார்த்தம்.

"கூறு இருக்கால ஒனக்கு?"

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தான். வந்தது வேறு.

"அத விடுங்க சார். இன்னும் ஒரு மாசம், இன்னும் ஒரு மாசம்னே ஆறு வருஷத்த ஓட்டிட்டிய. எனக்குப் பொறவு வந்தவன்லாம் டாக்டர் ஆயிட்டான். என் மாலிக்யூல் சேருமா, சேராதா? ஒத்த வார்த்தைல சொல்லுங்க."

பந்தியே நிமிர்ந்து பார்த்தது. பேராசிரியர் மடியில் கிடந்த முந்திரிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி இலையோரம் வைத்தார்.

"சேராதுப்பா," என்றார். "ரெண்டாவது வருஷமே எனக்குத் தெரியும்."