தோற்றவர்தான் டீ போடணும்

வரப்போகிற மருமகன் திருடுகிறான் என்பதை முதலில் கண்டுபிடித்தது அப்பாதான்.

அதில் ஆச்சரியமில்லை. அவர் பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் எடுக்காதவன் கடைசி சீட்டில் தூங்குகிற மாதிரி நடித்தாலும், கழுத்து சாய்ந்திருக்கிற தினுசைப் பார்த்தே இறக்கிவிடுகிறவர்.

மகள் தனக்குப் பிடித்தவரை அன்றைக்குத்தான் முதல்முறையாக வீட்டுக்கு அழைத்து வந்திருந்தாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் ஃபிரேம் பொருத்துகிற வேலை. அம்மாவுக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. அப்பா மட்டும் பிடி கொடுக்கவில்லை. சாப்பாடு முடியட்டும், ஒரு ஆட்டம் போடலாம், கையில் காசு புரளும்போதுதான் மனுஷன் யாரென்று தெரியும் என்று மகளிடம் சொல்லிவிட்டார்.

ஆட்டம் என்றால், மகன் வாங்கி வந்த பிசினஸ் விளையாட்டு. அதிலும் இது சினிமா ரகம். ஊர்களுக்குப் பதில் தியேட்டர், ஸ்டுடியோ. வீடு கட்டுவதற்குப் பதில் டிக்கெட் கவுண்டர். ஜெயிலுக்குப் பதில் சென்சார். அதில் போய் விழுந்தால் படம் பெட்டிக்குள் முடங்கிவிடும். காய்களில் அப்பாவுக்கு டைரக்டர் நாற்காலி. அம்மாவுக்குப் பாப்கார்ன் பொட்டலம்.

ஞாயிறு மதியம் தவறாமல் நடக்கும் இந்த ஆட்டத்துக்கு அப்பா ஒரு சட்டம் போட்டிருந்தார். முதலில் திவாலாகிறவர் எழுந்து போய் எல்லோருக்கும் டீ போட வேண்டும். டம்ளரும் அவரே கழுவ வேண்டும். சட்டம் எல்லோருக்கும் பொது. திவாலாவது மட்டும் எப்போதும் அம்மா. யாரும் சீண்டாத ஓட்டைத் தியேட்டரை, பாவம் சும்மா கிடக்கிறதே என்று வாங்குவாள். அதில் யாராவது வந்து நின்றாலும், அடுத்த தடவை பார்த்துக்கலாம் என்று வாடகையை விட்டுவிடுவாள்.

அன்றைக்கு என்னவோ அம்மா விழவே இல்லை. அப்பாவின் தியேட்டர்களில் வரிசையாகப் போய் மாட்டினாலும், பலகை ஓரத்துக்கு அடியில் செருகி வைத்திருந்த நோட்டை எடுத்து எடுத்துக் கொடுத்தாள். அம்மா படம் இன்னைக்கு ஓடுது என்று மகன் கிண்டலடித்தான்.

கண்ணாடிக்காரர்தான் சரிந்துகொண்டே போனார். நல்ல நல்ல ஸ்டுடியோவாக வைத்திருந்தவர், கடைசியில் அப்பாவுக்கு வாடகை தர நோட்டுப் போதவில்லை என்றார்.

அப்பா நம்பவில்லை. ரொம்ப நேரமாகவே அந்தக் கையை அவர் கவனித்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் பகடை உருட்டும்போது அது நோட்டோடு பலகைக்கு அடியில் போகும். வெறுங்கையாகத் திரும்பி வரும்.

"தம்பி, போதலைன்னீங்க. அடியில செருகினது என்ன?"

கண்ணாடிக்காரரின் முகம் சுண்டிவிட்டது. "ஆட்டம்தானே சார். நான் தோத்துட்டதா வச்சுக்கங்க. டீ நானே போடறேன்."

"டீயைப் பத்தி யாரு பேசினா? விளையாட்டு நோட்டையே பதுக்குறவர், நாளைக்கு என் பொண்ணு சம்பளத்தை என்ன பண்ணுவீங்க?"

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடிக்காரர் பலகையையே பார்த்துக் குனிந்திருந்தார். டிக்கெட் எடுத்தவன் சண்டைக்கு வருவான், எடுக்காதவன்தான் குனிந்துகொள்வான் என்பது அப்பா சர்வீஸில் கற்ற பாடம். இந்தச் சம்பந்தம் வேண்டாம், பேச்சு இத்தோடு முடிந்தது என்று சொல்லிவிட்டு, சாட்சிக்காகப் பலகையின் ஓரத்தைத் தூக்கினார்.

கை போன இடத்தில் நோட்டு இருந்தது. ஆனால் அது கண்ணாடிக்காரர் பக்கம் இல்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாவின் பக்கம்.

"நீயும் கூட்டா?" என்றார் அப்பா.

அம்மா திருதிருவென்று விழித்தாள். "எனக்கென்ன தெரியும்? குறையுறப்பல்லாம் ஆண்டவனை நினைச்சேன். கையை விட்டா நோட்டு இருந்துச்சு. கொடுக்கிறவன்கிட்டப் போய் கணக்கா கேப்பாங்க?"

மகன் சிரிப்பை அடக்க முடியாமல், கீழே விழாத பகடையை மேஜைக்கு அடியில் குனிந்து தேடினான்.

கண்ணாடிக்காரர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "சாப்பிட்ட தட்டை வைக்க உள்ள போனேன் சார். அம்மா அடுப்புகிட்ட நின்னுக்கிட்டே சாப்பிட்டுட்டிருந்தாங்க. இங்க வந்துதான் உட்கார்ந்தாங்க. தோத்துட்டா மறுபடியும் எழுந்து போயிடுவாங்களேன்னு..."

அப்பா பலகையை மெதுவாகக் கீழே வைத்தார். தன் முன்னால் குவிந்திருந்த நோட்டையும் தியேட்டர்களையும் நடுவில் தள்ளினார்.

"நான் திவால்."

பாதிப் பலகை அவருடையதுதானே என்று மகன் கேட்டான். சொன்னால் சொன்னதுதான் என்று அவர் சமையலறைக்குள் போய்விட்டார்.

உள்ளே டப்பாக்கள் உருண்டன. ஏதோ ஒரு மூடி தரையில் சுழன்று சுழன்று அடங்கியது. பதறி எழுந்த அம்மாவை மகள் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"மாப்பிள்ளைக்கு டீயில சர்க்கரை தூக்கலா இருக்கலாமா?" என்று குரல் வந்தது.

மகள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கொஞ்சம் கழித்து அதே குரல், சுருதி இறங்கி வந்தது. "ஆமா, இந்தச் சர்க்கரை எங்கதான் இருக்கு?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் பதில் போய்விட்டது.

"மேல் தட்டுல, நீல மூடி டப்பா, மாமா."