பியூலாவின் சிரிப்பு

அன்று மதியம் செம்பாக்கம் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தனசிங், அவர் மகள் ஜெரூஷா, பழைய பேய்ப்படம் ஒன்றை டிவி தொடராக எடுக்கவிருந்த இயக்குநர் குமரேசன்.

அந்தப் படத்தில் பேய்க்காகச் சிரித்தவள் தனசிங்கின் மனைவி பியூலா. கல்யாணத்துக்கு முன்னால் ஒரே ஒருமுறை ஒலிப்பதிவுக்குப் போய் வந்தாள். படத்தில் அவள் பெயரைப் போடவில்லை. சென்ற ஆண்டு அவள் இறந்துபோனாள். குமரேசனுக்கு அதே சிரிப்பு வேண்டும்.

"டைட்டில்ல திருமதி பியூலா தனசிங்னு வரணும். பேய்னு வரக்கூடாது. எங்க குடும்பத்துல யாரும் பேயில்ல," என்றார் தனசிங், நாற்காலியில் முதுகு சாயாமல்.

"கௌரவமான பேயாவே காட்டிடறேன் சார்."

"சும்மா இருங்க சார், நீங்க வேற," என்றாள் ஜெரூஷா.

குமரேசன் பழைய ஒலிநாடாவின் பதிவை லேப்டாப்பில் ஓடவிட்டான். பியூலா சிரித்தாள். சிரித்து முடித்து மூச்சு வாங்கினாள். பிறகு, "ஏங்க, பொத்தானை மாத்திப் போட்டுக்கிட்டு, வந்தவங்க முன்னாடி இப்படியா உக்காருவீங்க?" என்றாள்.

தனசிங் குனிந்து பார்த்தார். மாற்றித்தான் போட்டிருந்தார்.

"நேத்து கேட்டப்ப இது இல்லியே சார்," என்றான் குமரேசன்.

"சிரிப்ப நீங்க எடுத்துக்குங்க. பேச்சு எங்க வீட்டுது. அத வெச்சிட்டுப் போங்க," என்று சொல்லி, குமரேசன் கொண்டுவந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார் தனசிங்.

பேய்க்குரலைக் கேட்டு அவர் சட்டையைக் கழற்றி வீசிவிட்டுத் தெருவுக்கு ஓடினார் என்று சர்ச்சில் பேசிக்கொள்கிறார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. எல்லாப் பொத்தான்களையும் அவிழ்த்து, நிதானமாகச் சரியாகப் போட்டுக்கொண்டு, "இப்ப சரியா, பியூலா?" என்று மட்டும் கேட்டார்.