படி ஏழு பாக்கி

குழந்தை பிறந்து நான்கு நிமிடம் ஆகிவிட்டது. பிரசவ அறைச் சுவரில் இருந்த, படிப்படியாக அனுமதி தரும் கணினித் திரை மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஏழாவது படியில் மயக்க மருத்துவர் கையெழுத்திட வேண்டும். அவரோ வேறொரு ஆபரேஷனில் மாட்டிக்கொண்டிருந்தார். ஏழு முடியாமல் எட்டு திறக்காது. எட்டாவது படிதான் பிரசவம். அது திறந்தால்தான் குறைமாதக் குழந்தையை வைக்கும் வெப்பப் பெட்டியின் பூட்டும் திறக்கும்.

"என்ன சிஸ்டர், பிள்ளைய இன்னும் பெட்டியில வைக்கலியா?" என்று கட்டிலில் இருந்தபடியே கேட்டாள் முத்துப்பேச்சி.

"நீ இன்னும் பிள்ளையே பெறலியாம். தொரை சொல்லுதாரு," என்று திரையைக் காட்டினாள் நர்ஸ் ஜெபக்கனி. இருபத்திரண்டு வருடமாகப் பிரசவம் பார்ப்பவள் அவள். கையிலிருந்த சிசுவின் உதடு நீலம் பூப்பதைக் கண்டதும், அதற்கு மேல் யாரையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ஆக்சிஜன் சிலிண்டரைத் திறக்கும் ஸ்பேனரை எடுத்துப் பூட்டின் மேல் ஓங்கி ஒரு போடு போட்டாள். பெட்டிக்குள் சூடு தயாராகவே இருந்தது. சிசுவை உள்ளே கிடத்தினாள்.

"விதிமீறல். காரணத்தைப் பேசிப் பதிவு செய்யவும்," என்றது திரை.

"இரு, சொல்லுதேன்."

நீலம் மெல்ல வடிந்தது. சிசு காலை உதைத்துக்கொண்டு வீறிட்டது. ஜெபக்கனி திரையின் மைக்கை வயரோடு இழுத்து அதன் வாயருகே பிடித்தாள்.

"இந்தக் குரல் பதிவில் இல்லை. பேசுவது யார்?" என்றது திரை.

"படி எட்டு," என்றாள் ஜெபக்கனி.