முந்நூறு இலக்கப் பூட்டு

பினாங்கின் டத்தோ கிராமாட் பகுதியில் இருந்த வீட்டுக் கூடத்தில் குணவதி மடிக்கணினியைத் திறந்து வைத்தாள். எதிரே கணிதப் பேராசிரியர் சிவநேசன் உட்கார்ந்திருந்தார்.

“என் வீட்டுக்காரர் பூட்டின ஃபைல், சார். திறக்க முடியுமா?”

அவர் ஆர்வமாகப் பார்த்தார். “ரெண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கிப் பூட்டியிருக்கார். ஒவ்வொன்னும் முந்நூறு இலக்கம். பெருக்கறது சுலபம். விடையிலேருந்து அந்த ரெண்டையும் பிரிச்சு எடுக்கறதுதான் முடியாது. பினாங்குல இருக்கிற எல்லா கம்ப்யூட்டரையும் ஓட்டினாலும் நம்ம ஆயுசு பத்தாது லா.”

“ஒரு எண் மட்டும் தெரிஞ்சா?”

“அதால வகுத்தா இன்னொன்னு வந்துடும். உடனே திறந்துடலாம். அவரையே கேளுங்க.”

“அவருக்கு மறந்துபோச்சு, சார்.”

“எங்கேயும் எழுதி வைக்கலையா?”

“மனசுல இருக்கு, அது போதும்னு சொன்னார்.”

“பொறுப்பில்லாத மனுஷன்,” என்று கடிந்துகொண்டார். “உள்ளே என்ன இருக்கு?”

“எங்க மக தனுஜாவோட வீடியோ எல்லாம். அவ இப்ப இல்லை. வேற காப்பியும் இல்லை.”

சிவநேசனின் முகம் வாடியது. “என்ன வயசு?”

“பதினாறு.”

“பாவம்மா நீங்க. உங்க வீட்டுக்காரரை ஒருநாள் கூட்டிட்டு வாங்க. நான் பேசிப் பார்க்கறேன்.”

குணவதி கணினியை மூடினாள். அவர் சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். குனிந்து, ஒவ்வொன்றாகக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள்.

அவர் கூச்சத்துடன் நாற்காலியில் பின்வாங்கினார்.

“உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்? என் சம்சாரம் குணவதி இப்ப வந்துடுவா.”